கோட்டைக் கல்லைச் செய்தது யார்?

காரைநகர்த் துறையில் நின்று ஊர்காவற்றுறைக்குப் பாதை வரும்வரை காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். (வெளியூர்ப் பிள்ளைகளுக்கு: பாதை என்பது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. சில நிமிடப் பயணந்தான்.) கடல் பக்கம் திரும்பினால், நீருக்கு நடுவில் ஒரு கோட்டை தெரியும். கோட்டை நிற்கும் திட்டு கண்ணுக்கே படாது. மதில் நேரே கடலுக்குள்ளிருந்து எழும்பி நிற்கிற மாதிரி இருக்கும். ஊரில் அதைக் கடற்கோட்டை என்பார்கள். வரைபடத்தில் ஹமன்ஹீல் கோட்டை.

அதைப் பார்க்கிற பெரியவர்கள் உடனே யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று சொல்லத் தொடங்குவார்கள். அதை நாமும் சொல்லி முடித்துவிடுவோம். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், கப்பல்கள் குடாக்கடலுக்குள் நுழையும் வாயைக் காப்பதற்காக இந்த மணல்திட்டில் கோட்டையைக் கட்டினார்கள். 1658 இல் ஒல்லாந்தர் வந்து முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் இரண்டு கிழமையளவு தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் அவர்களைப் பணிய வைத்தது பீரங்கியைவிடத் தாகந்தான். குடிதண்ணீர் தீர்ந்துபோனது. பிறகு ஆங்கிலேயர் காலத்தில் அது சிறைச்சாலை ஆனது, தொற்றுநோய்க்காரரை ஒதுக்கி வைக்கும் மருத்துவமனையும் ஆனது. 1971 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களையும் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது.

சுற்றிவர இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஏன் தாகம் என்று கேட்பீர்கள். உவர்த்தண்ணீரைக் குடிக்க முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் காரைநகரும் கடல் சூழ்ந்த நிலந்தானே, இங்கே கிணறு இருக்கிறதே? மழைநீர் நிலத்துக்குள் இறங்கியதும் அடியில் இருக்கும் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம். அதே அளவு கடல்நீர் ஏறக்குறைய 1025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் தீவுகளின் கிணறுகள் வாழ்கின்றன. ஆனால் நன்னீர் அப்படித் தேங்கி நிற்க நிலம் கொஞ்சமாவது அகலமாக இருக்கவேண்டும். கோட்டை நிற்கும் திட்டு மிகச் சிறியது. பெய்த மழை பக்கவாட்டில் கடலோடு கலந்துவிடும். வானத்துத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, வரலாறு போதும். எனக்குப் பிடித்த கேள்வி வேறு. கோட்டையைக் கட்டியவர்களைச் சொன்னோம். கோட்டைக் கல்லைச் செய்தவர்கள் யார்?

கல்லை யாராவது செய்வார்களா என்று சிரிக்க வேண்டாம். இந்தக் கல்லை உண்மையிலேயே செய்தார்கள். பூச்சு உதிர்ந்த ஒரு பழைய மதிலைக் கிட்டப்போய்ப் பாருங்கள். நெடுந்தீவு, புங்குடுதீவு, வட்டுக்கோட்டை, யாழ்ப்பாணக் கோட்டை எங்கு வேண்டுமானாலும் பார்க்கலாம். கல்லின் முகத்தில் ஊசி குத்திய மாதிரிச் சின்னஞ்சிறு குழிகள் நெருக்கமாக இருக்கும். சில கற்களில் பூப்போல வரிகள் ஓடும். ஒவ்வொரு குழியும் ஓர் உயிரி குடியிருந்த இடம். அது முருகைக்கல். சில மில்லிமீற்றர் அளவேயான பவள உயிரிகள் கடல்நீரில் கரைந்திருக்கும் கல்சியத்தை எடுத்து, தம் உடலுக்கு அடியில் கல்சியங் காபனேற்றாகப் படிய வைக்கின்றன. பழைய தளத்தின்மேல் புதிய தளம் போட்டுக்கொண்டு, உயிரி மட்டும் எப்போதும் மேலே இருக்கும். கீழே விட்டுப்போனதெல்லாம் கல்.

இந்த வேலைக்கு வேண்டிய சத்தின் பெரும்பகுதியை உயிரிகள் தாமாகத் தேடுவதில்லை. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் உணவு தயாரிக்கும், அதில் பங்கு பவளத்துக்கு. அதனால்தான் பவளம் வெயில் எட்டும் தெளிந்த, ஆழங்குறைந்த, சூடான கடலை விரும்புகிறது. நம்முடைய தீவகக் கடல் அதற்கு வாய்ப்பான இடம்.

யாழ்ப்பாணக் கடலில் நிறைய வளர்வது போரைற்றஸ் என்ற இனம். கவிழ்த்த பானை வடிவில் திரண்டு வளரும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் பெருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 சென்ரிமீற்றர் தடிப்புள்ள ஒரு மதில்கல் வளர ஏறத்தாழ 30 ஆண்டு! உங்கள் வகுப்பு ஆசிரியரின் வயது இருக்கும். அதை எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தால் மரத்தின் ஆண்டு வளையம் போலக் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். விஞ்ஞானிகள் அவற்றை எண்ணி, எந்த ஆண்டில் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்றுகூடக் கண்டுபிடிக்கிறார்கள். வெப்பமானி கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்திய கடலின் சூடு, ஒரு கோட்டை மதிலுக்குள் பதிவாகிக் கிடக்கலாம். எனக்கு இதைவிட வியப்பான செய்தி பீரங்கிக் கதைகளில் இல்லை.

கட்டுவோருக்கு முருகைக்கல் ஏன் பிடித்தது? முதற் காரணம், வேறு கல் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கருங்கல் மலை கிடையாது. இரண்டாவது காரணம், ஈரமாக இருக்கும்போது அது மெதுமையானது, வாளாலும் கோடரியாலும் வடிவம் வெட்டலாம். காய்ந்தபின் இறுகும். மூன்றாவது, உள்ளே துளைகள் நிறைந்திருப்பதால் பாரம் குறைவு. அதே அளவுக் கருங்கல்லோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதிதான். வள்ளத்தில் ஏற்றிக் கடல் நடுவே கொண்டுபோவதற்கு இது எவ்வளவு வசதி என்று யோசியுங்கள்.

துளைக்கல்லால் கட்டிய மதில் பீரங்கிக் குண்டைத் தாங்குமா? அமெரிக்காவின் புளோரிடாவில் சென் அகஸ்ரின் என்ற ஊரில் ஸ்பானியர் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. அது சிப்பிகள் ஒட்டி உருவான துளைக்கல்லால் ஆனது. 1702 இல் ஆங்கிலேயர் அதை முற்றுகையிட்டுச் சுட்டபோது மதில் சிதறவில்லை. குண்டுகள் மதிலுக்குள் அமிழ்ந்து நின்றுவிட்டன. கடினமான கல் வெடித்துப் பிளக்கும். துளையுள்ள கல் அமுங்கி, குண்டின் வேகத்தை விழுங்கிக்கொள்ளும்.

இனி ஒரு சோதனை. உயிருள்ள பவளத்தை உடைப்பதும் எடுப்பதும் இலங்கையில் சட்டப்படி குற்றம். அதைத் தொடவே வேண்டாம். முட்டைக்கோதோ, கரையில் ஒதுங்கிய சிப்பியோ போதும். அதை அம்மியில் பொடியாக்கி, அதன்மேல் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ விடுங்கள். புசுபுசுவென்று நுரைக்கும். வெளியேறுவது காபனீரொட்சைட்டு வாயு. முட்டைக்கோது, சிப்பி, முருகைக்கல், நம் கிணறுகளின் அடியில் தெரியும் சுண்ணாம்புக்கல் எல்லாமே ஒரே பொருள்தான், கல்சியங் காபனேற்று. முழுச் சிப்பியையும் பொடியையும் தனித்தனியே வைத்துச் செய்து பார்த்தால், பொடிதான் மும்முரமாக நுரைக்கும். அமிலம் படுகிற பரப்பு கூடுகிறது என்பதுதான் காரணம்.

அந்த வாயு கோட்டைக் கதையில் இன்னொரு தரம் வரும். கல்லை மட்டும் அடுக்கினால் மதில் ஆகாது, ஒட்டுவதற்குச் சாந்து வேண்டும். சாந்துக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பு எங்கிருந்து? அதே முருகைக்கல்லும் சிப்பியும்தான். சூளையில் இட்டு ஏறக்குறைய 900 பாகை செல்சியசுக்குச் சுட்டால், 100 கிராம் கல்லிலிருந்து 44 கிராம் காபனீரொட்சைட்டு காற்றோடு போய்விடும். மிஞ்சுவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு. அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துச் சீறி நீறிவிடும். (கண்ணில் பட்டால் ஆபத்து. அந்த வேலை பெரியவர்களுக்கு.) நீறிய சுண்ணாம்பை மணலோடு குழைத்தால் சாந்து தயார். தமிழ்நாட்டுக் கொத்தர்கள் அதில் பனைவெல்லமும் கடுக்காய் ஊறிய நீரும் சேர்த்தார்கள். சும்மா வழக்கத்துக்காகச் சேர்க்கவில்லை. இனிப்பு நீரில் சுண்ணாம்பு அதிகமாகக் கரையும், சாந்து வழுவழுப்பாகும்.

சாந்து இறுகுவது காய்வதால் மட்டும் என்று நினைப்பது தவறு. சூளையில் போன காபனீரொட்சைட்டைச் சாந்து காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. வாங்கி மறுபடியும் கல்சியங் காபனேற்று, அதாவது கல் ஆகிறது. இதை வகுப்பறையிலேயே பார்க்கலாம். வெற்றிலைத் தட்டத்தில் இருக்கும் சுண்ணாம்பில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலக்கி, அடையவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். ஆசிரியர் பக்கத்தில் நிற்க, உறிஞ்சு குழாயால் அதற்குள் மெதுவாக ஊதுங்கள். மறந்தும் உறிஞ்ச வேண்டாம். தெளிந்த நீர் பால்போல வெளுக்கும். உங்கள் மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டு சுண்ணாம்போடு சேர்ந்து மிக நுண்ணிய கல்லாகி மிதக்கிறது. கடற்கோட்டையின் சாந்தில் நடந்ததும் இதேதான். மதிலின் வெளிப்பக்கம் முதலில் இறுகும். உட்பக்கத்துக்குக் காற்று போய்ச்சேர வேண்டுமே, தடித்த மதிலில் அதற்குப் பல்லாண்டுகள் ஆகும்.

போர்த்துக்கேயர் கல்லிலும் சாந்திலும் பிழை விடவில்லை. பிழை விட்டது மரத்தில். கொத்தளச் சுவருக்குள் வெற்றிடம் விட்டு, அதன்மேல் மர உத்தரங்களைப் பரப்பி, உத்தரங்களின்மேல் கல்லும் சுண்ணாம்பும் இட்டுத் தளம் போட்டிருந்தார்கள். பீரங்கியும் ஆட்களும் நிற்பது அந்தத் தளத்தின்மேல்தான். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள இடத்தில் மரம் எத்தனை நாளைக்கு? 1680 அளவில் ஒல்லாந்தர் கோட்டையைப் பரிசோதித்தபோது இந்தக் குறையைக் கண்டார்கள். வடபக்கத்து அலைத்தடுப்பும் அப்போது சேதமாகியிருந்தது. அவர்கள் மர உத்தரங்களை எடுத்துவிட்டுக் கல்லாலேயே வளைகூரை கட்டினார்கள்.

கல்லை நீளமாக வெட்டி உத்தரம்போலக் கிடத்தியிருக்கலாமே? முடியாது. கல் நசுக்குவதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. கிடையாகக் கிடக்கும் கல்லின்மேல் பாரம் ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும், அங்கே வெடிக்கும். வளைவில் அப்படியில்லை. நீங்களும் நண்பரும் எதிரெதிரே நின்று, உள்ளங்கைகளைச் சேர்த்து, கால்களைப் பின்னுக்கு வைத்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பாருங்கள். இருவரும் விழமாட்டீர்கள். ஒருவரை ஒருவர் தள்ளுவதுதான் இருவரையும் நிறுத்துகிறது. இப்போது இன்னொரு பிள்ளை உங்கள் தோள்களைக் கீழே அழுத்தினால் கால்கள் வெளிப்பக்கமாக வழுக்கப் பார்க்கும். அதனால்தான் வளைவு வைத்த கட்டடங்களின் பக்கச் சுவர் அவ்வளவு தடிப்பாக இருக்கிறது.

பொன்னாலைப் பாலத்தைத் தாண்டி வட்டுக்கோட்டைக்குப் போனால் அந்தத் தடித்த சுவரைத் தொட்டே பார்க்கலாம். ஒல்லாந்தர் காலத்து முருகைக்கல் தேவாலயம் அங்கே இருக்கிறது. பிறகு அமெரிக்க மிசனரிமார் அதைப் பொறுப்பெடுத்தார்கள். 1823 இல் அவ்விடத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்குப் பேராலயம். வெளியே நல்ல வெயில் எறிக்கும்போது உள்ளே போய்ப் பாருங்கள், குளிர்மை தெரியும். தடித்த சுவர் சூட்டை உள்ளே அனுப்ப நெடுநேரம் எடுக்கும். அதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

பேராலயம் என்றதும் எனக்கு இன்னோர் ஊர் நினைவுக்கு வருகிறது. அயர்லாந்தில் நோர் ஆற்றங்கரையில் கில்கெனி என்ற பழைய நகரம். அங்கே 13ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித கனிஸ் பேராலயம் இருக்கிறது. பக்கத்தில் அதைவிடப் பழைய, ஆயிரம் ஆண்டு தாண்டிய வட்டக் கோபுரம் ஒன்று நிற்கிறது. உயரம் ஏறக்குறைய 30 மீற்றர். நம் காரைநகர் கோவளத்தில் 1916 இல் கட்டிய வெளிச்சவீடும் கிட்டத்தட்ட அதே உயரந்தான். கோபுரத்தின் அத்திவாரமோ ஆழமே இல்லாதது. அது கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது, ஆனாலும் இன்றைக்கும் உள்ளே படியேறி உச்சிக்குப் போகலாம். பேராலயத்தின் நடுக்கோபுரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1332 இல் அது இடிந்து விழுந்தது. பின்னர் மறுபடி கட்டினார்கள்.

அந்த ஊரின் சிறப்பு அதன் கறுத்த கல். மெருகு ஏற்றினால் கண்ணாடிபோல மின்னும். அதனால் அதைக் கறுப்புச் சலவைக்கல் என்று விற்றார்கள், நகரத்துக்கும் சலவைக்கல் நகரம் என்று பெயர் வந்தது. ஆனால் விஞ்ஞானி பார்த்தால் அது சலவைக்கல்லே அல்ல. சுண்ணாம்புக்கல்! வினாகிரி விட்டால் நம் சிப்பிப் பொடிபோல அதுவும் நுரைக்கும். கறுப்பு நிறம் உள்ளே சிக்கியிருக்கும் காபனால் வந்தது. மெருகிட்ட கல்லை உற்றுப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகளின் அச்சும் பழங்காலக் கடலுயிரிகளின் அச்சும் தெரியும்.

குளிரும் மழையுமான அயர்லாந்தில் பவளக் கடலா? 34 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் இன்றைய இடத்தில் இல்லை. மத்தியகோட்டுக்கு அருகில், ஆழங்குறைந்த சூடான கடலின் அடியில் கிடந்தது. நம்முடைய தீவகக் கடல் போன்ற ஒரு கடல். அதில் வாழ்ந்து மடிந்த உயிரிகளின் கோதுகள் படிந்து, அமுங்கி, கல்லாகின. பிறகு புவியோட்டுத் தட்டுகள் மெல்ல மெல்ல நகர்ந்து அதை வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. யாழ்ப்பாணத்து நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லும் இப்படிக் கடலில் பிறந்ததுதான், ஆனால் அது கில்கெனிக் கல்லைவிட மிகவும் இளையது. மயோசீன் என்கிற காலம், ஒன்றிரண்டு கோடி ஆண்டுக் கணக்கு. கோட்டை மதிலில் உள்ள முருகைக்கல்லோ இந்தக் கணக்கில் நேற்றுப் பிறந்த குழந்தை. அதனால்தான் அதில் உயிரி இருந்த குழிகள் இன்னும் அழியாமல் தெரிகின்றன. காலம் போகப் போக அவை அமுங்கி நிரம்பி, கல் இறுகி, கில்கெனிக் கல்போல மெருகேற்றத் தக்கதாகும். அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் கடற்கோட்டைக்கு ஒரு பகை இருக்கிறது. அலை என்று நினைப்பீர்கள். அலையை மதில் கண்டுகொள்வதில்லை. உப்புத்தான் பகை. துளைக்கல் கடல்நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அது துளைகளுக்குள் பளிங்காக வளர்ந்து, இடம் போதாமல் துளைச்சுவரைத் தள்ளும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து ஒவ்வொரு தரமும் கல் சிறிது பொடியாகும். எது பாரத்தைக் குறைத்ததோ, எது குண்டை விழுங்குமோ, அதே துளைதான் இந்த ஆபத்தையும் உள்ளே விடுகிறது.

சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதனூடாக வெளியேறிவிடும். பொடிவதானால் பூச்சுப் பொடியும், கல் தப்பும். பூச்சைச் சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். சீமெந்துப் பூச்சு அப்படியல்ல. இன்றைய சீமெந்தின் முன்னோடிக்கு 1824 இல் இங்கிலாந்தில் யோசப் அஸ்ப்டின் என்பவர் காப்புரிமை பெற்றார். நம் காங்கேசன்துறையில் 1950 இல் சீமெந்து ஆலை வந்தது, யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டுத்தான் அங்கே சீமெந்து செய்தார்கள். ஆக, அதுவும் அதே கடலுயிரிகளின் பிள்ளைதான். புது வீட்டுக்கு அது நல்லது. பழைய முருகைக்கல் மதிலில் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துவிடும். உப்பு பூச்சுக்குப் பின்னால் வளரும். ஒருநாள் சீமெந்துத் தகடு, ஒட்டியிருந்த கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். வெளியே பளபளவென்று பூசிய பழைய கட்டடத்தைக் கண்டு மகிழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சுண்ணாம்பும் வேண்டாம் சீமெந்தும் வேண்டாம் என்று சொல்லும் மதில்களும் உண்டு. நெடுந்தீவுக்குக் கப்பலேறினால் வளவுக்கு வளவு காணலாம். முருகைக்கல்லைச் சாந்தே இல்லாமல் கையால் அடுக்கி வேலி ஆக்கியிருப்பார்கள். கல்லின் பாரமும் உராய்வும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. இடுக்குகளால் காற்று புகுந்து போகிறது, அதனால் சோளகம் எவ்வளவு அடித்தாலும் மதிலை முழுப்பலத்தோடு தள்ள முடியாது. மழை பெய்தாலும் சீக்கிரம் உலர்ந்துவிடும்.

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் அரன் தீவுகளில், அத்திலாந்திக் காற்றுக்கு நடுவே, இதே மாதிரிச் சாந்தில்லாத சுண்ணாம்புக்கல் மதில்கள் தோட்டத்துக்குத் தோட்டம் ஓடுகின்றன. பலவற்றுக்குப் படலையே கிடையாது. மாட்டை உள்ளே விட வேண்டுமானால் மதிலில் அதற்கென்று விட்ட ஓரிடத்தில் கற்களை எடுத்துக் கீழே வைப்பார்கள். மாடு போனதும் பழையபடி அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.